புளியமரத்தை வெட்டிய தீர்மானம்

பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை மயங்கி விழுந்தால் நீங்கள் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவசரப்பட்டு "டாக்டரை" என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் பிள்ளையாகவே இருந்து, கண்ணைத் திறந்த பிறகும் வாய் திறக்காமல், வளாகத்து மரம் ஒன்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால்? பக்கத்து வீட்டுக்காரி காதோரம் வந்து, "எதுக்கும் ஒரு தடவ மந்திரிச்சிடு" என்றால்? அப்போதும் டாக்டரைத்தான் கூப்பிடுவீர்களா?

கலைமணி கூப்பிடவில்லை. அதைச் சொல்லிவிட்டே அவரைப் பற்றிச் சொல்வதுதான் நியாயம். அவரே யாரிடம் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகிற சாலையில் உள்ள ஓர் ஊரில் கலைமணி இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறார். ஊரின் பெயர் வேண்டாம். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு படித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வாசலைப் பார்த்து இரண்டு கிரைண்டர், உள்ளே ஒன்று. காலையில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் சாயங்காலம் மாவாகிக் கவரில் ஏறி நிற்கும். கணவர் செந்தமிழ்செல்வன் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் மூட்டை ஏற்றினால் கடலூர் வரை போய் இறக்கிவிட்டுத்தான் திரும்புவார். ஒரே மகள் காயத்ரி, உள்ளூர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன்.

அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குக் கலைமணிதான் தலைவர். பெற்றோரில் ஒருவர்தான் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, "பாத்ரூம்ல தண்ணி வரல, பொண்ணுங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம ஒக்காந்திருக்குதுங்க, இது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டவர் அவர் ஒருவர். எல்லோரும் சேர்ந்து கைதட்டி அவரையே தலைவராக்கிவிட்டார்கள். கேள்வி கேட்கிறவர் வாயை அடைக்க நம் ஊரில் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆடி மாதம் பிறந்த முதல் வாரம். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் காயத்ரி விழுந்தாள். தலைமையாசிரியை பிரிசில்லா முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் அனுப்பினார். அங்கே "ரத்தம் கம்மி, சாப்பிடச் சொல்லுங்க" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் அதே கூட்டத்தில் இரண்டு பெண்கள் விழுந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஆள் விழாத வகுப்பு இல்லை என்றாகிவிட்டது.

விழுந்தவளெல்லாம் மதில் ஓரப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே விழுந்தாள் என்று யாரோ சொன்னார்கள். காயத்ரி பார்த்தது உண்மை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு ஊர் மீதியைக் கட்டியது. அந்த மரத்தில் ஒருத்தி தூக்குப் போட்டுக்கொண்டாளாம். யார், எந்த வருஷம், யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் பதில் வராது. பெயரில்லாத பிணத்துக்கு எப்போதுமே சாட்சிகள் ஜாஸ்தி.

கலைமணி மகளை வேப்பிலை அடிக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார். கையில் தாயத்து ஏறியது. மீன் கூடை சுமக்கிற ஆரோக்கியம்மாள் தன் மகளுக்கு ஜெப எண்ணெய் பூசினார். இன்னும் சிலர் பரங்கிப்பேட்டைக்குப் போய் ஓதிய தண்ணீர் வாங்கி வந்தார்கள். மூன்று மதமும் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றுபட்ட இடம் அந்த ஊரில் அந்தப் புளியமரத்தடி மட்டும்தான். இதைப் பார்த்து மதநல்லிணக்கம் என்று பூரித்துப்போகிறவர்கள் போகலாம்.

வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழு கூடியது. பேரூராட்சி கவுன்சிலர் ஞானசேகரன் குழுவில் ஒரு உறுப்பினர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தலைவர் படம், கையில் இரண்டு போன்.

"மரத்த எடுத்துட்டா வேல முடிஞ்சிது. இதுக்குப் போயி இன்னாத்துக்குக் கூட்டம்?" என்றார்.

பிரிசில்லா டீச்சர் குரலைத் தாழ்த்தி, "ஒரு கவுன்சலர் கேட்டு எழுதலாமே சார். பிள்ளைங்ககிட்ட தனியா பேசிப் பாக்க" என்றார்.

"கவுன்சிலர்தான் நான் இருக்கேனே டீச்சர், இன்னா பேசணும் சொல்லுங்க, பேசுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரிசில்லாவும் சிரித்து வைத்தார். அவர் பேச்சு அந்தச் சிரிப்போடு முடிந்தது.

"மாணவியருக்குப் பாதிப்பு ஏற்படுத்தும் புளியமரத்தை அகற்ற ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார்கள். தலைவர் என்ற முறையில் முதல் கையெழுத்து கலைமணியுடையது. ஞானசேகரன் அங்கிருந்தே எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டார். எம்.எல்.ஏ. யாருக்குப் போட்டாரோ, வருவாய்த் துறை அனுமதி சனிக்கிழமையே வந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது மரம் இல்லை. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க முடியாத மரம் அது. பேய்க்காக அரசாங்கம் சனிக்கிழமைகூட வேலை செய்யும் என்பதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் இரண்டு பெண்கள் விழுந்தார்கள்.

காயத்ரி விழவில்லை. அவள் பள்ளிக்கே போகவில்லை. மரம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பாதியில் வீட்டுக்கு வந்தவள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். அதற்குப் பிறகு தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் மகள் அழுவது கேட்கவில்லையோ என்று பயந்து கலைமணி அடிக்கடி கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் கேட்காது. அது அதைவிடப் பயமாக இருந்தது.

செந்தமிழ்செல்வன் ஒரு நாள் மூட்டை இறக்கிவிட்டு வந்து, வண்டிச் சாவியைக் கீழே வைக்காமல் நின்றார்.

"கலை, பாப்பாவ கௌப்பு. கடலூரு ஜி.எச்.சுக்குப் போலாம்."

"போன வாரந்தான மாமா தாயத்து கட்டியாந்தோம்."

"எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் இப்பிடித்தான் ஸ்டியரிங்க புடிச்சா கை நடுங்குது நடுங்குதுன்னுக்கினு இருந்தான். ஆறு மாசம் குறி கேட்டான். அப்புறம் அங்க மனநல டாக்டருகிட்ட போனான். இப்ப திருச்சி வரைக்கும் லோடு அடிக்கிறான்."

"பாப்பாவ பைத்தியம்னு சொல்லுவாங்க மாமா."

"இப்ப பேய்னு சொல்றாங்களே, அது மட்டும் இன்னா பட்டமா?"

கடலூரில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மகளிடம் மட்டும் பேசினார். முதல் தடவை காயத்ரி தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டாம் தடவை தண்ணீர் கேட்டாள். அதற்கடுத்த தடவை உள்ளே ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு மருத்துவர் கதவைத் திறந்து கலைமணியைக் கூப்பிட்டார். "ஒங்க பொண்ணு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். நடுவுல பேசாம கேளுங்க. அது ஒண்ணுதான் நீங்க செய்ய வேண்டியது" என்றார்.

"அம்மா, அறிவுமதிம்மா" என்றாள் காயத்ரி.

அறிவுமதி அவளுடைய தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். மதியச் சோறு இருவரும் அந்தப் புளியமரத்தடியில்தான் சாப்பிடுவார்கள். பத்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் அங்கே உட்கார்ந்து அறிவுமதி அழுதிருக்கிறாள். குறிஞ்சிப்பாடியில் இருக்கிற தாய்மாமனுக்குத் தன்னைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள், வேண்டாம் என்றால் அம்மா மருந்து குடிப்பேன் என்கிறாள், யாரிடமாவது சொல்லு காயத்ரி என்று கேட்டிருக்கிறாள். காயத்ரி யாரிடம் சொல்வது என்று பள்ளி முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். பாடம் நடத்துகிறவர்கள் இருந்தார்கள். விசில் ஊதுகிறவர் இருந்தார். சத்துணவு போடுகிறவர் இருந்தார். இதைக் கேட்பதற்கென்று ஒருவர் இல்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

சொல்லிவிட்டுக் கலைமணி வாயைப் பொத்திக்கொண்டார். மருத்துவர் நடுவில் பேச வேண்டாம் என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சொல்லலாம்னுதாம்மா வந்தேன். நீ அந்தக் கல்யாணத்துக்குத்தான் மாவு அரைச்சிக்கினு இருந்த."

வைகாசியில் நடந்த கல்யாணம். பதினாறு வயதுப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை ஊரே பந்தியில் உட்கார்ந்து பார்த்தது. இட்லி பூப்போல இருக்கிறது, எந்தக் கடை மாவு என்று விசாரித்தது. மண்டப வாசலில் வைத்த பேனரில் ஞானசேகரன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மேடையேறிப் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு" என்று வாழ்த்தியவரும் அவர்தான். பெண்ணுக்கே பதினாறுதான் என்பது அந்த மேடையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் நடந்த குற்றம் இல்லை இது. ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு நடத்திய குற்றம்.

பள்ளி திறந்ததும் காயத்ரி அந்த மரத்தடியைப் பார்த்தாள். தோழி உட்கார்ந்து அழுத இடத்தைப் பார்த்தாள். தான் வாயைத் திறக்காததால்தான் எல்லாம் நடந்தது என்று நினைத்தாள், சாப்பாட்டை நிறுத்தினாள், ஒரு நாள் விழுந்தாள். அவள் பார்த்த பேய் அவ்வளவுதான்.

"பயமோ துக்கமோ, வாய் வழியா போக வழி இல்லைன்னா ஒடம்பு வழியா போகும்" என்றார் மருத்துவர். "ஒருத்தி விழுந்தா, அதே மாதிரி ஒரு பாரத்த வச்சிக்கிட்டு நிக்கிற இன்னொருத்தியும் விழுவா. மத்த பொண்ணுங்க ஒவ்வொருத்திகிட்டயும் என்ன இருக்குன்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மரத்திடம்தான் கேட்டார்கள்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கலைமணி குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தார். குழந்தைத் திருமணம் என்றார். தன் பெயரையும் சொன்னார். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று எதிர்முனையில் சொல்லியும் சொன்னார். அதிகாரிகள் குறிஞ்சிப்பாடிக்குப் போனார்கள். அறிவுமதி தாய்வீடு வந்து சேர்ந்தாள். வழக்குப் பதிவானது.

மறுநாளே ஞானசேகரன் மாவுக் கடை வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"எம்மா கலைமணி, நீ பண்ணது நல்லா இருக்குதா? ஊர்க் குடும்பத்த போலீஸ் டேஷன் ஏத்திட்டியே."

"நானும் அந்தக் கல்யாணத்துல சாப்ட்டவதான்ண்ணே. எம்மேலயும் சேத்து கேஸ் குடுக்கச் சொல்லுங்க."

"வாய் ஜாஸ்தியாயிடுச்சி ஒனக்கு. பாத்து இரு."

அந்த வாரத்திலிருந்து கோயில் அன்னதானத்துக்கு மாவு ஆர்டர் வேறு கடைக்குப் போனது. மிரட்டல்களில் இதுதான் எங்கள் பக்கத்தில் நடைமுறையில் உள்ளது. அடி கிடையாது, உதை கிடையாது. கும்பலாக வந்து உங்களிடம் எதையும் வாங்காமல் போவார்கள்.

கலைமணிக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தப் பள்ளியில், பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதற்கென்று, படித்துப் பயிற்சி பெற்ற ஒரு ஆள். காயத்ரி திரும்பப் போகப்போகிற பள்ளிக்கூடம் அப்படி ஓர் ஆள் உள்ள பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டார்.

சிதம்பரத்தில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லாத விவரம். எந்தக் கொடி கட்டிய கார் வாசலில் நின்றிருந்தாலும் உள்ளே இதே பேச்சுத்தான் நடந்திருக்கும்.

"இன்னா வேணும் கேளும்மா. சைக்கிள் ஸ்டாண்டா, கலையரங்கமா, ஆர்.ஓ. வாட்டரா?"

"ஆளு வேணுங்க. மனநல ஆலோசகரு."

"ஆளு போடுறது என் நிதியில வராதும்மா. கட்டடம்னா சொல்லு, இப்பவே எழுதித் தரேன்." அவருக்கே ஒரு யோசனை தோன்றி முகம் மலர்ந்தது. "ஒண்ணு செய்யலாம். ஆலோசனை அறைன்னு ஒண்ணு கட்டிடுவோம். ஏ.சி. போட்டுக்கூட."

"அதுக்குள்ள யாருங்க ஒக்காருவாங்க?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அடிக்கல் நாட்டிருவோம்."

உதவியாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கலைமணி வெளியே வந்தார். கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஒதுக்க வழி இருக்கிற நாட்டில் ஒரு மனுஷியை நாற்காலியில் உட்காரவைக்க வழி இல்லை. பெயர்ப் பலகை மாட்ட முடியாத வேலைக்கு நிதி எந்தத் தலைப்பிலும் வராது.

சட்டமன்ற மனுக்கள் குழு கடலூருக்கு வரப்போகிறது என்ற செய்தியைக் காட்டியவர் பிரிசில்லா டீச்சர். பேப்பரை மடித்து மாவு வாங்குகிற சாக்கில் கொண்டுவந்து கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு, "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்கம்மா" என்று போய்விட்டார். பல தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்த குழு அது. முன்கூட்டியே மனு அனுப்பினால், சம்பந்தப்பட்ட துறையிடம் பதில் வாங்கி, நேரில் கூப்பிட்டு விசாரிக்கும். கலைமணி மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது.

கடலூர் கலெக்டர் அலுவலகக் கூட்டரங்கு. நீள மேசைக்குப் பின்னால் குழுவினர். பட்டா கேட்டு வந்தவர்கள், சுடுகாட்டுப் பாதை கேட்டு வந்தவர்கள் எல்லாம் முடிந்து கலைமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கல்வித் துறை அதிகாரி எழுந்து பதிலை வாசித்தார்.

"மனுதாரர் குறிப்பிட்டுள்ள பள்ளியில் மாணவியர் மயக்கமடைந்தது தொடர்பாக உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது. காரணமாக இருந்த புளியமரம், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தின்படி அகற்றப்பட்டுவிட்டது. எனவே மனு முடித்துவைக்கப்படலாம்."

அரங்கில் யாரோ இருமினார்கள். பட்டதாரி அதிகாரி ஒருவர், அச்சடித்த தாளில், அரசு முத்திரையோடு, பேயை ஓட்டிவிட்டோம் என்று சட்டமன்றக் குழுவுக்குச் சொல்லுகிறார். சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்.

குழுத் தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "தீர்மானத்துல மொதல் கையெழுத்து நீங்கதானேம்மா போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க. நாந்தான் போட்டேன்."

"அப்புறம் இப்ப வந்து மரம் காரணம் இல்லைங்கிறீங்க."

கலைமணிக்குக் காது சூடேறியது. மறுத்துப் பேச வழி இருக்கிறதா என்று ஒரு கணம் தேடினார். இல்லை. "அன்னைக்கு எனக்குப் புத்தி இல்லைங்க" என்றார். "எம்பொண்ணே விழுந்து கெடந்தா. யாரு இன்னா சொன்னாலும் செஞ்சிருப்பேன். மரத்த வெட்டுன்னாங்க, கையெழுத்து போட்டேன். நான் பயந்து போட்டேன். இந்த சாருக்கு இன்னாங்க பயம்? இவுரு பொண்ணா விழுந்துது? இவுரு எதுக்கு மரத்து மேல பழி போட்டு எழுதிக்கினு வந்திருக்காரு?"

அதிகாரி எழுந்தார். "தீர்மானத்துல உள்ளததான் நாங்க..."

"ஒக்காருங்க" என்றார் குழுவிலிருந்த ஒரு பெண் உறுப்பினர். "அம்மா, மரத்த எடுக்க எத்தன நாள் ஆச்சு?"

"வெள்ளிக்கிழம எழுதனோம். திங்கக்கிழம இல்லீங்க."

"ஆலோசகர் கேட்டு?"

"ஆடியில கேட்டிருக்கணும். டீச்சரு கேட்டாங்க, நாங்க சிரிச்சோம். ஐப்பசியிலேர்ந்து நான் கேட்டுக்கினு இருக்கேன். இப்ப தை."

குழுத் தலைவர் பேனாவை மூடினார். "ஒங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா எங்க கையில இருக்கிறது ஒங்க குழுவோட தீர்மானம். அது மரந்தான் காரணம்னு சொல்லுது. அந்தத் தீர்மானத்த ரத்து பண்ணி, குழு மறுபடி ஒண்ணு போட்டுக் குடுக்கட்டும். அது வந்தா துறைய நாங்க கேக்குறோம். வராட்டி இந்த பதில ஏத்துக்கிட்டு முடிச்சிர வேண்டியதுதான்."

ஆக, பேய் இல்லை என்று ஊரார் கையெழுத்துப் போட வேண்டும். இருக்கிறது என்று போடவைப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது!

கலைமணி வீடு வீடாகப் போனார். ஒருவர், "அதான் மரமே இல்லியே, இப்ப எதுக்கு?" என்றார். இன்னொருவர், "சாமி விஷயத்துல கையெழுத்தெல்லாம் வேணாம்மா" என்றார். பேய் எப்போது சாமியானது என்று கேட்டதற்குக் கதவு சாத்தப்பட்டது. ஆரோக்கியம்மாள் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மீன் செதில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதான் கலை. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பேயி இல்லேன்னு நான் கையெழுத்து போட்டா, அப்ப எம்பொண்ணு நடிச்சான்னுதான ஊரு சொல்லும்? பேயின்னா அவ மேல தப்பு இல்ல. பேயி இல்லேன்னா?"

கலைமணிக்கு அன்றைக்குத்தான் முழுக்கப் புரிந்தது. இந்தத் தாய்மார்கள் முட்டாள்தனத்தால் பேயைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மகள் பொய்க்காரி என்ற பேரிலிருந்து அவளைக் காப்பாற்ற அவர்களுக்கு அந்தப் பேயை விட்டால் வேறு ஆள் கிடையாது. பெண்ணின் வலியை நம்பாத ஊர், பேயைச் சொன்னால் உடனே நம்புகிறது. நம்பவைக்க வேண்டுமானால் ஒரு பேய் வேண்டியிருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

"பல்லு வலிச்சா வெளிய தெரியுதா ஆரோக்கியம்?"

"தெரியாது."

"நடிக்கிறேன்னா சொல்லுவாங்க?"

"சொல்ல மாட்டாங்க."

"இதுவும் அப்பிடித்தான். சரி, நீ சொன்னதையே எழுதிருவோம். நம்ப பொண்ணுங்க நடிக்கலன்னு தீர்மானத்துலயே எழுதிருவோம். அதுக்குப் போடுவியா?"

ஆரோக்கியம்மாள் எழுந்து கைகழுவிவிட்டு வந்தார். "எழுது. நானே நாலு பேர கூட்டியாரேன்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஞானசேகரன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இன்னா, இன்னைக்குப் புளியமரத்துக்குக் கருமாதியா?" என்றார். சிலர் சிரித்தார்கள். ஆரோக்கியம்மாள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கலைமணி வாசித்தார். மரம் காரணம் இல்லை, அதை வெட்டியது தவறு. மாணவியர் யாரும் நடிக்கவில்லை, அவர்களுக்கு வந்தது உண்மையான பாதிப்பு. பள்ளிக்கு முழுநேர மனநல ஆலோசகர் வேண்டும்.

"நான் போட மாட்டேன்" என்றார் ஞானசேகரன். "நாளைக்கு ஊருல ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"மேடையேறி வாழ்த்துனீங்களே, அதுக்கு யாரு பொறுப்புண்ணே?" என்று கலைமணி கேட்டார்.

ஞானசேகரன் வாயைத் திறப்பதற்குள் பிரிசில்லா டீச்சர் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"மரத்துல ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "நான் கிறிஸ்டியன். நான் சொன்னா மதத்த இழுப்பாங்கன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். நான் படிச்சவ, பிள்ளைங்களுக்குப் பொறுப்பானவ. எனக்குத்தான் மொத வெக்கம்."

அவர் முதலில் போட்டார். பிறகு கலைமணி, ஆரோக்கியம்மாள், ஒருவர் பின் ஒருவராக. ஞானசேகரன் போனில் பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டார். இந்தத் தடவை "ஏகமனதாக" என்ற சொல் தீர்மானத்தில் இல்லை. பெரும்பான்மை இருந்தது. அது போதும்.

மனுக்கள் குழு துறையைக் கேட்டது. துறை மாசி மாதம் ஒரு ஆலோசகரை அனுப்பியது. முழுநேரம் இல்லை, வியாழக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் வேறு பள்ளிகள். தற்காலிக நியமனம், கல்வியாண்டு முடிகிறவரைதான். அதற்குப் பிறகு "பரிசீலனையில் உள்ளது".

முதல் வியாழக்கிழமை, அறிவியல் ஆய்வகத்தின் மூலையில் ஒரு மேசையைப் போட்டு, திரை கட்டி, அந்த இளம்பெண்ணை உட்காரவைத்தார் பிரிசில்லா. விருப்பம் இருப்பவர்கள் மதிய இடைவேளையில் வரலாம் என்று அறிவித்தார். இரண்டு மூன்று பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தார். மணி அடித்து, சோறு சாப்பிட்ட கையோடு வந்து நின்ற வரிசை ஆய்வக வாசலைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, மதில் ஓரம் வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டை வரை போனது. விழுந்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். விழாமல், சிரித்து, முதல் மார்க் வாங்கி, கோலப் போட்டியில் பரிசு வாங்கி, யாருக்கும் சந்தேகம் வராமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான் நிறைய. இத்தனை பேரும் இத்தனை நாளும் வாயில் எதை அடக்கிக்கொண்டு விழாக்களில் "நல்வரவு" பாடிக்கொண்டிருந்தார்கள்? அன்று கதவு மூடுவதற்குள் பாதிப் பேரைக்கூட அந்தப் பெண்ணால் பார்க்க முடியவில்லை. மீதிப் பேரை அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மதியம், மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்த காயத்ரியைப் பள்ளியில் விட வந்த கலைமணி வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் வரிசையில் நிற்கவில்லை. நேரே பிரிசில்லாவிடம் போனாள்.

"மிஸ், அடுத்த வாரம் அறிவுமதிய கூட்டிக்கினு வரட்டா? ரிஜிஸ்டர்லேர்ந்து பேர அடிச்சிட்டீங்களாமே. வரலாமா?"

"கூட்டிட்டு வா. பேர எழுதிக்கிறது என் வேல" என்றார் பிரிசில்லா.

காயத்ரி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். கலைமணி கடைக்குத் திரும்பினார். அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் அந்த மேசை காலியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். சட்டமன்றம் கூடுவதற்கு முன் இன்னொரு மனு போக வேண்டும், இந்தத் தடவை பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் தீர்மானங்களையும் சேர்த்து. காட்டுமன்னார்கோயில் பக்கம் லோடுக்குப் போகிற செந்தமிழ்செல்வன், வழியில் இருக்கிற பள்ளிகளின் குழுத் தலைவர்கள் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்.

இதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எங்கள் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச இந்தப் பள்ளியில் இருக்கிற ஆளின் பெயர் என்ன, எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். யாரும் சிரித்தால் சிரித்து முடிக்கட்டும் என்று நின்று, மறுபடியும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கி, உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் கையில் நேரில் கொடுங்கள். கட்டடம் தருகிறேன் என்பார். ஆள் கேளுங்கள்.